மூலை சொருகிய சீட்டு

யேசு மரி சூசை

வெள்ளவத்தை
20.03.1997

அன்புள்ள ஒஸ்வால்ட்,

நானும் மகளும் சுகம். புளோறன்ஸின் முழங்கால் நோ எப்படி? பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு ஏன் கடிதம் என்று கேட்பீர். ஞாயிறு தேர்தல் முடிந்த கையோடு சபை மண்டபத்தின் பின்கதவால் நீர் போனதைக் கண்டேன். அதன் பிறகு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் புளோறன்ஸ், "அவர் குளிக்கிறார் அண்ணை" என்றா. இவ்வளவு குளித்தால் தடிமன் பிடிக்கும்.

தோற்றதில் கவலையில்லை என்றால் பொய். யேசுரட்ணத்துக்கு இருபத்துமூன்று, எனக்கு இருபத்திரண்டு, வெறுஞ்சீட்டு ஒன்று. அந்தச் சீட்டில் என் பெயர் இருந்திருந்தால் சமம். சமமாக வந்தால் மூத்த உறுப்பினரே தலைவர் என்பது நமது நல்மரண சகோதர சபையின் வழக்கம். நான் அவரைவிட ஆறு வருடம் மூப்பு.

எண்ணும்போது மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வெறுஞ்சீட்டை நீளவாக்கில் மடித்து, ஒரு மூலையை உள்ளே சொருகியிருந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் கேற் பாஸை அப்படி மடித்த கிளாக்கர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

யேசுரட்ணம் உமது மச்சான், புளோறன்ஸின் சொந்த அண்ணன். அவருக்குப் போட்டிருந்தால் கோபித்திருக்க மாட்டேன். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து லொட்ஜுகளில் கிடக்கிற நமது வேதக்காரச் சனம் செத்தால், கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, சபைக் கொடியோடு போய்ப் பெட்டியைத் தூக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "அவையளைத் தூக்கினால் எங்களைத் தூக்குவாங்கள்" என்றார் அவர். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. இரண்டு பேரும் எங்கள் மனதில் இருந்ததைச் சொன்னோம். நீர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?

உமது
கிளெமென்ற்

* * *

யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
02.05.1997

அன்புள்ள கிளெமென்ற்,

பதில் எழுத ஆறு கிழமை எடுத்துவிட்டது. முதலில், அந்தச் சீட்டு என்னுடையதல்ல என்று ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டேன்.

அன்று காலையில் புளோறன்ஸ் சேட் அயன் பண்ணிக்கொண்டே, "அண்ணாவுக்குத்தானே?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். மண்டபப் படியில் நீர் என் கையைப் பிடித்து, "என்ன ஒஸ்வால்ட், எனக்குத்தானே?" என்றீர். உமக்கும் "ஓம்" என்றேன். திரைக்குப் பின்னால் பென்சிலும் கையுமாக நிற்கிறேன், இரண்டு ஓமும் தொண்டையில் நிற்கின்றன. ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டேன். ஒருவருக்கும் துரோகம் செய்யவில்லை என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நினைக்க இப்போது அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு எதிர் லொட்ஜில் இருந்த பேர்ணடெற் அம்மா, பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டாம் கிழமை செத்தா. வெளிநாட்டு மகனிடம் போக விசாவுக்குக் காத்திருந்த மனிசி. பொலிஸ் பதிவின் தவணை முடிந்து போயிருந்ததாம். யேசுரட்ணம் கொடியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நீர் வெள்ளவத்தையிலிருந்து வந்தீர். கூட உமது பக்கத்து வீட்டு இரத்தினசிங்கம், அவர் சைவக்காரர். லொட்ஜ் மனேஜரோடு மூன்று பேர். பெட்டியின் நாலாவது மூலைக்கு ஆளில்லாமல், தெருவில் நின்ற த்ரீவீல்காரரை "மல்லி, டிக்கக் அல்லன்ன", தம்பி, கொஞ்சம் பிடி என்று சிங்களத்தில் நீர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அந்தச் சிங்களப் பெடியன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தான்.

நான் மேல்மாடி யன்னலில் நின்றேன். நீர் அண்ணாந்து பார்ப்பீரோ என்ற பயத்தில் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

கிளெமென்ற், எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்த்து முகம் வழிக்கவும் வெட்கமாக இருக்கிறது. நீர் சபையை விட்டு விலகிவிட்டதாகச் சொல்கிறார்கள். மன்னியும் என்று கேட்க வாயில்லை. ஏசியாவது இரண்டு வரி எழுதும்.

உமது
ஒஸ்வால்ட்

* * *

யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
16.03.1998

அன்புள்ள கிளெமென்ற்,

உமது பதில் போன மே மாதமே கிடைத்தது. உறையைப் பிரித்தேன். உள்ளே வெறுந்தாள். நீளவாக்கில் மடித்து, மூலை சொருகியிருந்தீர். "என்னவாம் கிளெமென்ற் அண்ணை?" என்று புளோறன்ஸ் கேட்டா. "எல்லாம் எழுதியிருக்கிறார்" என்றேன். பத்து மாதமாக அது என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

நேற்றுச் சபைத் தேர்தல். யேசுரட்ணத்தை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. இருந்தாலும் சீட்டு எழுத வேண்டும் என்பது வழக்கம். அவர்கள் தந்த சீட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, உமது தாளில் ஒரு துண்டைக் கிழித்து, உமது பெயரை எழுதிப் போட்டேன்.

செயலாளர் வாசித்தார். "கிளெமென்ற். அவர் இப்ப மெம்பரே இல்லை. செல்லாத வோட். ஆர் இந்தப் பகிடி விட்டது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். எழும்பி நின்றேன்.

"நான்தான். பகிடி இல்லை. போன வருசம் வெறுஞ்சீட்டுப் போட்டதும் நான்தான்."

முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன். யேசுரட்ணம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. புளோறன்ஸும் மண்டபத்தில் இருந்தா. வீட்டுப் படியேறும்போது, "என்னட்டையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்றா. ஓம், சொல்லியிருக்கலாம்.

இதனால் ஒன்றும் மாறவில்லை. யேசுரட்ணம்தான் தலைவர், கொடி அலுமாரிக்குள்தான். எழுத வேண்டிய பெயரை ஒரு வருடம் பிந்தி எழுதினேன் என்று உமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பதில் வேண்டாம். வெறுந்தாளும் வேண்டாம், அதைத் தாங்க என்னால் முடியாது.

வெட்கத்தோடு
ஒஸ்வால்ட்

* * *

யேசு மரி சூசை

வெள்ளவத்தை
20.03.1998

அன்புள்ள ஒஸ்வால்ட்,

கடிதம் கிடைத்தது.

உங்கள் பக்கத்து லொட்ஜ் ஒன்றில் முந்தநாள் ஒரு மன்னார்க் கிழவர் செத்துப்போனார். சொந்தக்காரர் ஒருவரும் இங்கே இல்லை. உடலை எடுக்கப் பொலிஸ் கடிதம் திங்கட்கிழமைதான் தருவார்களாம். செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்குப் பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம். நான், இரத்தினசிங்கம், லொட்ஜ் மனேஜர், மூன்று பேர் இருக்கிறோம்.

நீர் உயரம், முன்பக்கம் பிடியும். அடையாள அட்டையை மறவாதேயும்.

உமது
கிளெமென்ற்