விடு என்றொரு சொல்

கோவில்பட்டி
3.7.2025

அன்புத் தம்பி அஃப்ஜலுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாவும் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார். அதனால் கடிதம். மூன்று விரலில் எழுதுகிறேன், கோழி கிண்டியது மாதிரி இருந்தால் சிரிக்காதே.

அன்றைக்கு மில்லில் நான் அலறியதும் கைமேல் இறங்கிய மோட்டாரைச் சட்டென்று மேலே தூக்கினாய். துண்டால் என் கையைச் சுற்றி, ஆட்டோவில் உன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். போனது இரண்டு விரல். மற்றது நீ காப்பாற்றியது. சோறு பிசையும்போதெல்லாம் உன்னை நினைக்கிறேன். நீயோ வேலையை உதறிவிட்டு, தூத்துக்குடியில் மச்சானின் செருப்புக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாய். நான் யாரிடம் நன்றி சொல்ல?

உன் பூவனநாதன்

தூத்துக்குடி
11.7.2025

அண்ணாச்சிக்கு அஃப்ஜலின் சலாம்.

உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். நன்றி மட்டும் சொல்லாதீர்கள். மோட்டாரைத் தூக்கி இறக்குகிற ஹாய்ஸ்டின் பட்டனை அமுக்கி, அதை உங்கள் கைமேல் இறக்கியவன் நான். விசாரணையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். "விடு" என்று நீங்கள் சொன்னதாக இன்னும் காதில் கேட்கிறது. என் காதையே நான் நம்பவில்லை. இனி அந்தப் பட்டனைத் தொட மாட்டேன். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அஃப்ஜல்

கோவில்பட்டி
18.7.2025

தம்பி,

உன் காதில் கோளாறு இல்லை. தொங்கிய மோட்டார் ஆடியது. போல்ட்டை நேராக்கக் கையை அடியில் நுழைத்தேன். நீ உதவிக்கு வரப் பார்த்தாய். "விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மிஷின் இரைச்சலில் உனக்கு "விடு" மட்டும் கேட்டது. நம் மில்லில் விடு என்றால் இறக்கு. வேறென்ன செய்வாய்?

விசாரிக்க வந்தபோது ஞாபகமில்லை என்றேன். என் தப்பு என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். உன்னை மாட்டிவிட்டு உனக்கே நன்றி எழுதியிருக்கிறேன் பார், வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாளைக்கு முன்னால் மேனேஜரிடம் இதே கையால் உண்மையை எழுதிக் கொடுத்தேன். நன்றாகத் திட்டினார், ஆனால் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். உன் இடமும் காலியாகத்தான் இருக்கிறது. இனி ஹாய்ஸ்ட் பக்கம் "இறக்கு", "நில்லு" மட்டும்தான். வாய் தவறி "விடு" என்பவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். முதல் நாளே மாட்டியவன் நான்தான். "அவியள வரச் சொல்லுங்க" என்று உன் மதினி சீனித்தாய் தினமும் நச்சரிக்கிறாள். வருவாயா?

பூவனநாதன்

தூத்துக்குடி
24.7.2025

அண்ணாச்சி,

முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. அப்புறம் அந்தக் கோணல் எழுத்தை மறுபடி பார்த்தேன். மிஞ்சிய விரல்கள் உண்மையை எழுதியிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

திங்கள் காலை ஷிப்டுக்கு வாரேன். அன்றைக்கு எல்லாருக்கும் டீ என் செலவு. ஹாய்ஸ்ட் பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது: நடந்ததை விடுங்க அண்ணாச்சி.

உங்கள் அஃப்ஜல்