முதுகு மட்டும் தெரிந்த சட்டை

1955 ஜூலை 4, திங்கள்

கச்சான் காற்று. காலையிலிருந்து வீடெல்லாம் மணல். தையல் மெசினுக்குள்ளும் மணல். துடைத்து எண்ணெய் விட்டேன். மத்தியானம் மறுபடி மணல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு டாக்குத்தர் நோனா கடற்கரைக்கு நடந்து போனா. (இனி டா.நோ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) புது டாக்குத்தரின் மனைவி, கொழும்புக்காரி. பாவாடை, இடுப்புக்குக் கீழே இறங்குகிற நீலச் சட்டை, கைப்பை, குடை. கொழும்பில் வெள்ளைக்காரிகளுக்குத் தைக்கிற பெரிய தையற்காரர் ஒருவர்தான் இவவுக்கும் தைப்பதாம். கல்முனைக்குடி முழுக்க இதே கதை.

நம் வேலியில் ஓலை விலகிய இடம் ஒன்றுதான். அதுவும் கடற்கரைப் பக்கம் பார்த்தபடி. ஆள் தாண்டிப் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். திரும்பி வருவது டாக்குத்தரின் காரில், பெரிய தெருவால். ஆக, நான் இத்தனை நாளாகப் பார்த்தது டா.நோ.வின் முதுகு மட்டும்.

ஆனால் என்ன முதுகு! தோளில் வளைந்த தையல், அதிலிருந்து இறங்கி இடுப்பில் போய்ச் சேர்கிற மடிப்புகள், நிமிர்ந்து நிற்கிற கழுத்துப்பட்டி. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வரைந்தாயிற்று. முன்பக்கம் எப்படியோ, அல்லாஹ்தான் அறிவான்.

"வேலிக்குள்ள என்னடி வேலை உனக்கு?" உம்மா.

"ஓலை விலகிக் கிடக்கு, கட்டப் போறன்."

கட்டவில்லை.

ஜூலை 6, புதன்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எனக்கென்று ஒரு சட்டை. இடுப்பில் உடுத்துகிற கம்பாயத்துக்கு மேலே போட. தேவை:

துணி - என் அண்ணன், காக்காவின் துணிக்கடையில் விலைப்படாத நீலப் பொப்ளின். ஒரு ஓரம் வெயிலில் வெளிறியது. வெளிறினது கக்கத்துக்குள் போகிற மாதிரி வெட்ட வேண்டும்.
கழுத்துப்பட்டி நிமிர - மாச்சாக்குத் துணி, கஞ்சியில் தோய்த்து.
கைப்பை - பன்பாய்த் துண்டு. மேலே மருதமுனைத் தறிக்காரர் கழித்த கரைத்துணி. பூட்டு உம்மாவின் பழைய பர்ஸிலிருந்து. (கேட்கக் கூடாது. எடுக்க வேண்டும்.)
பொத்தான் - ?

கடைப் பொத்தான் எல்லாம் பல்லு மாதிரி வெள்ளை. வேண்டாம். புளியங்கொட்டையை வறுத்து அதே துணியால் இறுக்க மூடித் தைத்துப் பார்த்தேன். அச்சு அசல் டா.நோ.வின் கைப் பொத்தான். பெருமையாக உம்மாவிடம் காட்டப் போனால், உம்மா வறுத்த மீதியைக் கடித்துக்கொண்டிருக்கிறா. "பொத்தானத் தின்னாதீங்க உம்மா!"

ஜூலை 8, வெள்ளி

ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போனதும் வெட்டினேன். முதுகு அப்படியே வந்துவிட்டது. முன்பக்கம் என் இஷ்டம். வலப்பக்கத் துணி இடப்பக்கத்தின் மேல் சாய்ந்து ஏறும். தோளிலிருந்து இடுப்புவரை சரிவாகப் பொத்தான் வரிசை. கழுத்து மூடியிருக்கும், உம்மா வாய் திறக்க முடியாது. பால் கொடுக்கிற பெண்ணுக்கும் வசதி. கொழும்புத் தையற்காரருக்கு இதெல்லாம் தோன்றியிருக்குமா?

மீன் கருகிவிட்டது. ஏச்சு.

ஜூலை 11, திங்கள்

முடிந்தது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடி சின்னது, துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. துண்டு துண்டாகவே நல்லாயிருந்தது.

காக்கா சோற்றுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். "இத எங்க வாங்கின?"

"நான் தைச்ச."

"பொய்."

அந்தப் 'பொய்'யைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம்! "ரெண்டு நாளைக்குத் தா தங்கச்சி, கடையில தொங்கவிட்டுத் தாறன். நம்மட கடையிலயும் புதுசு இரிக்கெண்டு சனம் பார்க்கட்டும்" என்றார். மடித்துக் கொடுத்தேன். மடைச்சி.

ஜூலை 13, புதன்

விற்றுவிட்டான். என் பெருநாள் சட்டையை விற்றுவிட்டான். (இதுவரை 'வந்தார் போனார்' என்று எழுதினேன். இனி இல்லை.)

வாங்கியது யார்? டா.நோ.!

சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்கிறான். "நோனா முதுகப் பார்த்திட்டு, இது எங்கட தையற்காரர்ட வேலைதானே, இப்பிடி ஒரு முன்பக்கத்த எனக்கு அவர் காட்டவேயில்லயே எண்டு கோவிச்சா. நான் விடுவனா? ஓம் நோனா, கொழும்புச் சரக்கு, ஒண்டுதான் வந்த எண்ட."

"அது என்ட சட்டை."

"உனக்கு வேற தைக்க ஏலும்தானே."

இன்னொரு அகப்பை சோறு தட்டில் போட்டேன். தலையில் கொட்டியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரிகளின் தையற்காரருக்கே தோன்றாத முன்பக்கம். நினைக்க நினைக்கப் பெருமையாகவும் இருக்கிறது. அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

ஜூலை 15, வெள்ளி

கடையிலிருந்து துணிக்கட்டு வந்திருக்கிறது. பச்சை, ரோஸ், இன்னொரு பச்சை, ஒரு கறுப்பு. எல்லாம் பெருநாளைக்கு, எல்லாம் 'அந்தக் கொழும்புச் சட்டை'. ஊர்ப் பெண்கள் அளவுச் சட்டை அனுப்பியிருக்கிறார்கள். கொழும்புக்கு அனுப்பி எடுப்பதாகக் கடையில் கதை.

நான் தைப்பதாகச் சொன்னால் என்ன என்று கேட்டேன். உம்மாதான் முதலில் பாய்ந்தா. "குமருப் புள்ள கூலிக்குத் தைக்கிற எண்டு கேள்விப்பட்டா எவன்டி வருவான்? சம்மாந்துறையில இருந்து கேட்டு வந்திரிக்கிற நேரத்தில!"

காக்கா மெதுவாகச் சொன்னான்: "எல்லாம் உன்ட வீட்டுக்குத்தானே புள்ள."

வீடு. பக்கத்து வளவில் எழும்புகிறது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இங்கே கல்யாணம் இல்லை. வாப்பா மௌத்தாகிவிட்டார், ஆகவே காக்கா கட்டுகிறான். அதை முடிக்காமல் அவனும் கல்யாணம் முடிக்க மாட்டான். இதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் இனி ஏறுகிற சுவர் நான் மெசினில் சுற்றிச் சுற்றி ஏற்றுகிற சுவர். அதைக் காக்கா எனக்குத் தருவான், நான் தலை குனிந்து வாங்க வேண்டும்.

ஜூலை 19, செவ்வாய்

ஊசி உடைந்தது. மூளையும்.

பக்கத்து வீட்டுக் கதீசா மாமி வந்தா, ரோஸ் சட்டையோடு. போன சனிக்கிழமை இதே பாயில் இருந்து நான் பொத்தான் வைத்த ரோஸ் சட்டை. மாமி அதை உள்பக்கம் திருப்பி என் மூக்குக்கு நேரே பிடிக்கிறா.

"பாரு புள்ள, கொழும்புத் தையல்! உள்ளுக்குள்ளயும் ஒரு நூல் நீட்டிக்கிட்டு நிக்கிதா? நீயும்தான் மெசின் வெச்சிரிக்கிறாய்."

உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "வடிவா இரிக்கு மாமி" என்றேன்.

மாமி அதோடு விட்டாவா? வளவைப் பார்த்து ஒரு பெருமூச்சு. "வாப்பா இல்லாத புள்ளைக்குக் கல்வீடு கட்டுறான். இப்பிடி ஒரு காக்கா கிடைக்க நீ குடுத்து வெச்சிரிக்கணும்கா."

எழுந்து போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். குடமெல்லாம் நிறைந்துதான் இருந்தது. வாழைக்கு ஊற்றினேன்.

ஜூலை 22, வெள்ளி

சண்டை. "ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லுங்க காக்கா. அந்த நோனாவுக்காவது."

"ஊர்ட வாயில விழுந்தா மறுகா எழும்ப ஏலாது. நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்ச, சொல்லு?"

சொல்ல வாய் எடுத்தேன். அவன் சாறனில் பின்பக்கம் கிழிசல். துணிக்கடை முதலாளி. பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. போகும்போது மடியிலிருந்து ஒரு ரிபன் சுருளை எடுத்து மெசின் மேல் வைத்தான், எனக்காம். கோபத்தைக்கூட ஒழுங்காக வைத்திருக்க விடமாட்டான் இந்த மனிதன்.

கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன். அதற்குக் கொழும்பு தேவைப்படவில்லை.

சம்மாந்துறைக்காரர் பெருநாள் கழித்து வருகிறார்களாம், வீடு பார்க்க.

ஜூலை 25, திங்கள்

வளவில் பேச்சு. வேலிக்கு இந்தப் பக்கம் நான், கையில் கறுப்புச் சட்டை, கடைசிப் பொத்தான்.

மேசன்: "யாவாரம் நல்லாப் போகுது போல, முதலாளி."

காக்கா: "எது ஓடும் எண்டு கண்டுபிடிக்கணும். அதெல்லாம் என்ட மண்ட."

என்ட மண்ட!

ரிபனை அடுப்பில் போட்டேன். உம்மா கேட்டா, என்ன நாற்றம் என்று. ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 27, புதன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். அறைக்குள் இருந்து எழுதுகிறேன். உம்மா கதவுக்கு வெளியில் கொண்டி போட்டிருக்கிறா.

அஸருக்குப் பிறகு வேலியடிக்குப் போனேன். டா.நோ. வந்தா. தாண்டினா. நீலச் சட்டை. டா.நோ.வின் பழையது அல்ல, என்னுடையது. கக்கத்தில் வெளிறின ஓரம், கை ஆடும்போது தெரிந்தது. என் மடிப்புகள் என்னைத் தாண்டிப் போகின்றன. எல்லாரும் பார்க்கிற என் முன்பக்கத்தை நான் மட்டும் பார்க்கக் கூடாது. வளவில் சுவர் மேல் மேசன்மார். கீழே காக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவே திறந்தது.

"நோனா! கொஞ்சம் திரும்புங்க!"

தெருவில் ஒரு குமரின் சத்தம். மேசன்மாரின் கை நின்றது. காக்கா திரும்பினான். டா.நோ.வும் திரும்பினா.

பார்த்தேன். தோளிலிருந்து இடுப்புவரை, ஒரு பொத்தான் பிசகவில்லை. சரியாகத்தான் விழுந்திருந்தது. எவ்வளவு வடிவு!

"கீழ்ப் பொத்தானப் பிரிச்சுப் பாருங்க நோனா! உள்ள வறுத்த புளியங்கொட்டை! கொழும்பில அப்பிடித் தைக்க மாட்டாங்க. அத நான்தான் தைச்ச!"

அவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை உம்மாவுக்கு என் பின்னலைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை. பிறகு இழுத்தா. பின்மண்டை இன்னும் விண் விண் என்கிறது. அடுத்தது கொண்டி.

இப்போது வாசலில் ஆட்கள். காக்காவின் குரல் கெஞ்சுகிற மாதிரி, சொல் விளங்கவில்லை. டா.நோ.வின் குரல் நன்றாக விளங்குகிறது.

"அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க. இடுப்புக் கொஞ்சம் பிடிக்குது."

உம்மா: "புள்ளைக்குச் சுகமில்ல நோனா."

"டாக்குத்தர்ட மனுசிக்கிட்டயா சொல்றீங்க?"

கதவுக்கு உள்ளிருந்து கத்தினேன். "சுகமாத்தான் இரிக்கன்!"

அளவு நாடாவை எங்கே வைத்தேன்.