என்னென்ன வேலை தெரியும்

ஆவணி, செவ்வாய்க்கிழமை

இந்தியாவில இருந்து திரும்பி வந்த ஆக்களைப் பதிய இண்டைக்குக் காலமை ஆமிக்காரர் எங்கட வீட்டுக்கும் வந்தவை. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கொப்பியோட கதிரையில இருந்து, "உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?" எண்டு கேட்டார். ஏதோ உதவி தரப்போகினம் எண்டு நினைச்சு நான் ஒண்டும் விடாமல் சொன்னன். படகு எஞ்சின் திருத்துவன். வீடுகளுக்கு வயரிங் செய்வன். ரேடியோ திருத்துவன். சங்கு குளிப்பன்.

அவர் பேனையை நிப்பாட்டினார். "தண்ணிக்குக் கீழ எவ்வளவு நேரம் இருப்பீங்கள்?"

"ரெண்டு நிமிசம்" எண்டன். பெருமையாத்தான் சொன்னன். அதையும் எழுதிக்கொண்டார்.

அவை போன பிறகு மனுசி மெதுவாச் சொன்னாள்: "மீன்பிடி எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே. இவ்வளவும் தெரிஞ்ச ஆளை இயக்கத்தில இருந்தவன் எண்டுதானே நினைப்பாங்கள்."

இந்தியாவில அகதி முகாமில ஒண்டு இல்லாட்டி இன்னொண்டு எண்டு இந்த வேலையள்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எல்லாம் ஆசைப்பட்டுப் பழகினது. நான் எந்த இயக்கத்திலயும் இருக்கேல்லை. ஆனால் அதை அவர் கேக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

பின்னேரம் ஆள் அனுப்பினவை. நாளைக்கு ஆமிக் காம்புக்கு வரட்டாம்.

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை திருத்தத் தந்த ரேடியோ மேசையில கழட்டினபடி கிடக்கு. தெரியாதெண்டு திருப்பிக் குடுக்கச் சொல்லுறாள் மனுசி. பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சிட்டன். ஒரு வயரை ஒட்டினால் பாடும். பாடினால் அயலுக்குக் கேக்கும்.