டேப்பில் கிடைக்காத குரல்

திருச்சுழி,
செவ்வாய் மதியம்.

அன்பு மகள் யாஸ்மினுக்கு, அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை நிலோபரும் நலம். மழைதான் இன்னும் இல்லை. போன் போட்டால் நீ எடுக்க மாட்டாயோ என்ற பயத்தில் கடிதமாக எழுதுகிறேன்.

சென்னையில் நீயும் உன் சிநேகிதிகளும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை சொல்லும் பாட்காஸ்டை நிலோபர் என் போனில் போட்டுக் கொடுத்தாள். மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் காதில் மாட்டிக்கொள்கிறேன். கதை நடப்பது, அந்தக் காலத்து ஆட்கள் கனாக் கண்ட வருங்காலத்திலாம். மூளைக்குள் ஒயர், வானம் முட்டும் கட்டடம், ஆனாலும் பாட்டுக் கேட்கக் கேசட். வெயில் உள்ளே விழும்போது, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் குடங்கள் சிவப்பும் நீலமுமாக ஒளிர்கின்றன. கண்ணை லேசாக மூடினால் கடையே உன் கதையில் வரும் நகரம்தான். நேற்று ஒரு அம்மா குடத்துக்கு விலை கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ முப்பதாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டாய் என்று கேட்டதும், ஷட்டரை இழுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். "அத்தா, அது வெளாட்டு! அக்கா நல்லாத்தான் இருக்கா" என்று நிலோபர் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் பள்ளிவாசலில் நேர்ந்துகொண்டபடி நெய்ச்சோறு ஆக்கிக் கொடுத்தாயிற்று.

போன வாரம் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. இறந்தவர்களின் குரலை டேப்பில் விற்கும் கடைக்கு நீ போனாய். "எங்க அத்தா மௌத்தாயிட்டாக. அவுக என்னைய யாசுன்னு கூப்பிடுற டேப்பு வேணும்" என்றாய். பகடையில் இரண்டுதான் விழுந்தது; சின்ன எண் விழுந்தால் கேட்டது கிடைக்காதாம். அந்த டேப் அழிந்துபோயிற்று என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. உன் மூச்சு எனக்குத் தெரியாதா?

அந்த வார்த்தை என்னுடையதுதான். நான் பேசி முடித்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நீ பஸ் ஏறின அன்று, "இனிமே உனக்கு அத்தா மௌத்தாயிட்டாருன்னு நெனச்சுக்க" என்று கத்தினேன். இரண்டு வருஷமாகிறது. வீம்பில் சொன்னது, தப்பு முழுக்க என்மேல். மாப்பிள்ளை வீட்டில் அந்த வாரமே இந்தக் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அந்தக் கடைக்கு மட்டும் இன்னொரு தடவை போகாதே. பகடையும் உருட்டாதே. என் நம்பரை அழுத்து, முதல் மணியிலேயே எடுப்பேன். யாசு, நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

உன் அத்தா,
அப்துல் ரவூப்