இருபத்திமூன்றாம் பக்கம்

தொண்டாமுத்தூர்
12.6.1994

அன்புள்ள பத்மா,

பிழை பார்க்க நீ அனுப்பிய உன் இலக்கணப் புத்தகத்தின் மெய்ப்புக் கட்டு வந்தது. பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். வழக்கம்போல முதலில் பென்சிலில் குறித்து, அதன்மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒற்றுப்பிழைகள்தான்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வயிறு எரிகிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற நீ பத்தாம் வகுப்புக்குத் தமிழ் இலக்கணம் எழுதுகிறாய். படிக்கிற காலத்தில் விடுதியில் உவமை எது, உருவகம் எது என்று புரியாமல் நீ கண்ணைக் கசக்கியபோது சொல்லிக்கொடுத்த நான், தோட்டத்தில் யானை புகுந்ததைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டு கிடக்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன உதாரணங்களே உள்ளே இருக்கின்றன. போகட்டும், நல்லாயிரு.

உன்
மாசாணி

கோயம்புத்தூர்
3.7.1994

அடி மாசாணி,

வயிறு எரிந்தால் மோர் குடி. உன்னைத் தவிர வேறு யார் இதை நேராக எழுதுவார்கள்!

புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதி உனக்குத்தான். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்: "மெய்ப்புத் திருத்தியவர்: புலவர் மாசாணியம்மாள்." உதாரணங்கள் யாருடையவை என்று பதிப்பாளர் ரங்கராஜிடம் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், அப்பவே சொல்லியிருந்தா அவிய பேரையும் அட்டையில போட்டிருக்கலாமுங்களே" என்றார். அடுத்த பதிப்பில் அட்டையில் நாம் இரண்டு பேரும்.

உன்
பத்மா

தொண்டாமுத்தூர்
9.7.1994

பத்மா,

உடனே விற்பனையை நிறுத்தச் சொல். இருபத்திமூன்றாம் பக்கத்தில் உவமைக்கும் உருவகத்துக்கும் தலைப்பு மாறி அச்சாகியிருக்கிறது. சத்தியமாக என் கண்ணில் படவே இல்லை.

எங்கள் தலைமையாசிரியர் வேங்கடசாமி, "நம்ம டீச்சர் பேரு புஸ்தகத்துல வந்திருக்குதுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி வாங்கப் போகிறாராம். என் பெயரைப் போடப்போகிறாய் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? அட்டையில் வேண்டாம். உள்ளே இருப்பதையும் எடுத்துவிடு.

மாசாணி

கோயம்புத்தூர்
18.7.1994

மதிப்பிற்குரிய மாசாணியம்மாள் டீச்சருக்கு, வணக்கம்.

அச்சுக் கோத்தவர்களைத் திட்டத்தான் அச்சகத்துக்குப் போனேன். மெய்ப்புக் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இருபத்திமூன்றாம் பக்கத்தில் இரண்டு தலைப்புகளையும் மாற்றச் சொல்லிப் பென்சிலில் அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அதன்மேல் மை எழுதவில்லை, ரப்பரால் அழித்திருக்கிறீர்கள். உங்களுக்கு அழுத்தி எழுதுகிற கை. தாளில் தடம் அப்படியே இருக்கிறது.

வயிறு எரிந்ததற்கு எனக்குக் கோபமில்லை. உங்களைப் போலத் தமிழ் வரவில்லையே என்று விடுதியில் நானும் எத்தனையோ நாள் பொருமியிருக்கிறேன். ஆனால் இது பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதுகிற புத்தகம். அது தெரிந்துதானே அழித்தீர்கள்?

எல்லாப் பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. "பிழைக்கு நூலாசிரியரே பொறுப்பு" என்று போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். உங்கள் பள்ளிக்கான நாற்பது பிரதிகளும் நாளைக் காலைப் பேருந்தில் வருகின்றன. ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ச. பத்மாவதி