ஆற்றோரக் கல்வீட்டில் வேலை

பூண்டுலோயா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுலக்ஷனா அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே வெயில் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைக்காரர் பைஸர் நானா தன் மகளைப் பார்க்கக் கத்தாருக்கு வருகிறார். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதி அவரிடம் கொடுக்கிறேன்.

ஆற்றோரத்துக் கல்வீட்டை விட்டு வந்துவிட்டோம். மண்சரிவில் தோட்டத்து லயத்து வீடு போனபின், பாழடைந்து கிடந்த சுவர்களுக்கு மேலே நீங்கள் தகரம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதே வீடுதான். தொல்பொருள் ஆட்கள் வந்து புதரை வெட்டினார்கள். கல்படிகள், துணி துவைக்கிற கல், வரிசையாக வீடுகளின் அடித்தளம் எல்லாம் வெளியே வந்தன. லயங்கள் கட்டுவதற்கு முன்னால், காடு வெட்ட வந்த நம் ஆட்கள் முதன்முதலில் குடியிருந்த இடமாம். ஒரு பெருவெள்ளத்தில் பாதிப்பேர் போக, மிச்சப்பேர் மலைக்கு ஏறிவிட்டார்களாம். இனி அது வரலாற்று இடம், யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள்.

நம்மைப் போல அங்கே ஒதுங்கியிருந்த மற்றக் குடும்பங்கள் போய்விட்டன. அத்தை மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. “எங்க பூட்டன் இருந்த எடம்னு நீங்கதானே சொல்றீங்க? அப்புறம் எங்கள ஏன் போகச் சொல்றீங்க?” என்று கேட்டார். நான் அதை அந்த ஆட்களுக்குப் பெரியவராக வந்த மேடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டம் அப்படி என்றார். கெட்ட மனுஷி இல்லை. சாமான் ஏற்ற லொறி பிடித்துத் தந்ததும் அவர்தான்.

இப்போது நானாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறோம். விறகடுப்பு வைக்க இடமில்லை. ஈரத்துணி காய்வதும் இல்லை. சுலக்ஷனா சாக்குமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறாள்.

இனிச் சொல்வதைக் கோபப்படாமல் வாசியுங்கள். அந்தக் கல்வீட்டிலேயே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் போட்ட தகரத்தைக் கழற்றிவிட்டு, பழைய காலம்போல் மானாப்புல் வேய்ந்திருக்கிறார்கள். நான் அந்தக் காலத்துப் பெண்போல் தலையில் கொங்காணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, நம் அடுப்பில் தீ மூட்டி ரொட்டி சுட வேண்டும். இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். யாராவது அனுப்பி உங்கள் போனிலும் அந்தப் படம் வந்துவிடுமோ என்று பயந்துதான் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

அத்தை முதலில் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒருநாள் அவராகவே ஆற்றுக்கு இறங்கி வந்து, “ஒனக்கு அடுப்பு ஊதத் தெரியாது, நவுரு” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். அந்த அடுப்படியில் இருக்கும்போது மட்டும் அவருக்கு இருமல் குறைகிறது. சாயங்காலம் தீயை அணைத்துவிட்டு மேலே ஏறும்போது இரண்டு பேருக்கும் கால் வருவதில்லை. சுலக்ஷனா அந்தப் பக்கமே வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிவந்த அன்றைக்கும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

போன வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்னப் பிள்ளை, இந்த வீட்டு அப்பா எங்கே என்று கேட்டது. வழி காட்டுகிற துஷாந்த் சிரித்துக்கொண்டே, “மலைக்கு வேலைக்குப் போயிருக்காரு, அந்திக்கு வந்துருவாரு” என்றான். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வான். எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். அத்தையும் எழும்பச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நெஞ்சுவலியை மறைக்காதீர்கள். இந்தத் தடவை ஒப்பந்தம் முடியும்போது, இன்னொரு வருஷம் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீடு கட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் தோட்டத்து ரொத்தை முனியாண்டி சாமி உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

உங்கள்
நாகலெட்சுமி