சக்கர நாற்காலி டென்னிஸில் என் ஜோடி

இன்று காலை புதிய பந்து டப்பாவைத் திறந்தேன். ரப்பர் வாசனை வந்ததும் உன் முகமும் வந்துவிட்டது. டப்பா திறக்கும்போதெல்லாம் மூக்கை உள்ளே விட்டு இழுப்பாய். "புதுச் சட்ட மாதிரி மணக்குது புள்ள" என்பாய்.

ஆஸ்பத்திரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தவள். நீ மண்சரிவில் தோட்டத்து லய வீட்டுச் சுவருக்கடியில் அகப்பட்டவள். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என்னை நீதான் வம்புக்கு இழுத்துப் பேசவைத்தாய். பயிற்சி கொடுக்கும் மிஸ், சக்கரங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்த இரண்டு விளையாட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து, டென்னிஸ் ஆடுகிறீர்களா என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நீ சிரித்தாய். "நமக்குப் பந்து தரையில ரெண்டு தடவ குத்தலாமாம். அப்ப லேசுதான்!"

லேசாக இல்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர், ஆள் வராத காலைகளில் திடலைத் தந்தார். கந்தப்பளையில் உன் அண்ணன் உன்னை முதுகில் சுமந்து லயத்துப் படிகளில் இறங்கி ஆட்டோவில் ஏற்றுவார். மட்டையைப் பிடித்த கையாலேயே பனியில் விறைத்த சக்கரத்தையும் தள்ளி, நம் உள்ளங்கைகள் கொப்பளித்தன. நான் அடித்துவிட்டு நின்றுவிடுவேன். "நிக்காத புள்ள! மறுபடி கெளம்புறதுக்குள்ள பந்து போயிரும்" என்று கத்துவாய்.

கொழும்பில் இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அதற்குள் உனக்குக் காய்ச்சல். உட்காரும் இடத்தில் புண். நம் உடம்புக்கு அங்கே வலி தெரியாதே! கண்டுபிடித்தபோது எலும்புவரை போயிருந்தது. நான் பார்க்க வந்தபோது உன் கை கொதித்தது.

"நீ போயி ஆடிட்டு வா."

"ஒன்ன வுட்டுட்டு எப்புடிடி?"

"வந்து கத சொல்லு. கேக்கத்தானே இங்க கெடக்கேன்."

போனேன். முன்பின் தெரியாத ஒரு சிங்கள அக்கா எனக்கு ஜோடியானார். தோற்றுப்போனோம். ஆனாலும் நான் அடித்த ஒரு பந்து எதிராளிகள் இருவருக்கும் நடுவே பாய்ந்து கோட்டிலேயே விழுந்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று ரயிலில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நானுஓயா ஸ்டேஷனில் உன் அண்ணன் காத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இறக்கி வைத்தார். "புள்ள போயிருச்சும்மா" என்றார்.

அந்தக் கதையை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

இப்போது இந்தப் பக்கத்தில் நாற்காலியில் ஆட வேறு ஆளில்லை. ஹோட்டல் தோட்டக்காரர் வேலை ஓய்ந்தால் எதிரே நின்று பந்து போடுகிறார். மற்ற நாட்களில் நானும் சுவரும்தான். பனிமூட்டம் இறங்கிவிட்டால் சுவரும் மங்கிப்போகும்.

இன்று அவர் கேட்டார்: "ஏம்மா, எடது பக்கம் வாரதெல்லாம் விட்டுர்றீங்க?"

இடது பக்கம் எப்போதும் உன்னுடையது. நீ வந்து எடுப்பாய் என்று என் கைகள் இன்னும் சக்கரத்தை ஒதுக்கி உனக்கு வழி விடுகின்றன.